கேசட்டில் வந்த கம்ப்யூட்டர்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டில்தான் என் ஒலிப்பதிவு நடக்கிறது. தரையிலிருந்து கூரை வரைக்கும் துணிப் பொதிகள்: லுங்கி, உள்பாவாடைத் துணி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி. துணி எதிரொலியை அப்படியே குடித்துவிடும். ஸ்டுடியோக்காரர்கள் சுவரில் ஒட்டும் ஃபோமைவிட எனக்கு இந்தப் பொதிகள்மேல்தான் நம்பிக்கை. கடை திறக்கும் முன், காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அந்த இடம் எனக்கு. கடைக்காரர் என்னோடு ஒன்றாகப் படித்தவர், வாடகை என்று ஒரு பைசா வாங்கியதில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் பொதிகள் வருவதும் போவதுமாக இருக்கும். அப்போது பதிவு கிடையாது.

அங்கே நான் எடுப்பது ஒரு பாட்காஸ்ட். 1980களில் வீடுகளுக்குள் வந்த சின்னக் கம்ப்யூட்டர்களைப் பற்றியும், அவற்றைக் கழற்றிப் பார்த்தவர்களைப் பற்றியும், அவர்கள் வாயாலேயே பேசவைத்துப் பதிகிறேன். கேட்பவர்கள் அதிகமில்லை. கேட்பவர்களோ ஒரு நொடியைக்கூடத் தள்ளிவிடாமல் கேட்கிறார்கள். நான் வெட்டாமல் முழுசாக ஓடவிடும் சத்தம் ஒன்று உண்டு. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் புரோகிராம் ஏறும் சத்தம் அது. முதலில் சில நொடிகள் ‘பீ...’ என்று ஒரே சுருதி. பிறகு ‘ட்ர்ர்ர்’ என்று சின்னதாக ஒரு கிழிசல். மறுபடி ஒரு பீ. அப்புறம் நாலைந்து நிமிஷத்துக்குக் கரகரவென்று இரைச்சல். புதிதாகக் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. 1984இல், பதினாறு வயதில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார், கூடவே ஒரு காலி கேசட். எல்.பி. ரெக்கார்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து கொடுப்போம். பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ‘ஏ’ பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் எந்தப் பாட்டை எங்கே போடுவது என்று மனக்கணக்குப் போடுவதில்தான் ஒருவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது தெரியும்.

முதலாளி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஹெட் துடைப்பது. இரண்டாவது, திருகாணி. டேப் ரிக்கார்டரின் ஹெட்டுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு திருகாணி இருக்கும். ஓடுகிற டேப்புக்கு ஹெட் சரியான செங்குத்தில் நிற்பது அதன் கையில் இருக்கிறது. ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பாட்டில் ஜால்ரா மங்கிப்போகும், குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். வேறு மிஷினில் பதிந்த கேசட் வந்தால், மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அந்தத் திருகாணியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஜால்ரா பளிச்சென்று வரும் இடம்வரை திருப்புவேன். கால் சுற்றுக்கும் குறைவுதான். அதற்குக் கண் உதவாது, காது மட்டும்தான்.

1986இல் எங்கள் தெருவில் கப்பலில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இங்கிலாந்திலிருந்து ஒரு ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்தார். ராயபுரம், காசிமேடு, பேட்டை என்று இந்தப் பக்கம் கப்பலுக்குப் போனவர்கள் நிறைய. அவர்கள் பெட்டியைத் திறக்கும் நாள் தெருவுக்கே திருவிழா. மற்ற வீடுகளில் டூ-இன்-ஒன், சென்ட், சாக்லேட். இவர் பெட்டியில் கறுப்பாக, ஒரு பரீட்சை அட்டையைவிடச் சின்னதாக, ரப்பர் பொத்தான் வைத்த ஒரு பொருள். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 48 கே நினைவகம், இஸட்-80 சிப். வந்த புதிதில் அங்கே 175 பவுண்டு. நான் முதல்முதலாகத் தொட்ட கம்ப்யூட்டர் அதுதான். அந்தப் பத்தாண்டிலேயே புனேயில் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கி ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று இங்கேயே கொண்டுவந்தது.

அண்ணன் டிவியில் மாட்டினார். படம் வரவில்லை. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப். 36ஆம் சேனலில் அனுப்பும், எங்கள் பக்கத்துக் கறுப்பு வெள்ளை டிவிக்கோ வி.எச்.எஃப். மட்டும்தான் தெரியும். மெட்ராஸ் தூர்தர்ஷனுக்கு அது போதும். அண்ணன் முகம் தொங்கிவிட்டது. தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த பாயைக் கூட்டிவந்தோம். பாய் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஸ்பெக்ட்ரமின் அடித்திருகுகளைக் கழற்றினார். உள்ளே தகர டப்பாவில் இருந்த மாடுலேட்டரைப் பார்த்தார்.

“படம் இந்த டப்பாக்குள்ள போற வரைக்கும் சுத்தமாத்தான் இருக்கு. டப்பாதான் அத சேனலா மாத்துது. நமக்கு சேனலே வேணாம்பா, படத்த நேரா எடுத்துக்கலாம்” என்றார்.

அண்ணன் வீட்டுப் பெரிய டிவியில் கைவைக்க மறுத்துவிட்டார். “அதுல சேஸிஸ்லயே கரண்டு நிக்கும், பசங்க தொட்டா அவ்ளோதான்.” டிரான்ஸ்ஃபார்மர் உள்ள 14 அங்குலப் போர்ட்டபிள் ஒன்றைத் தன் கடையிலிருந்து தூக்கிவந்து, மாடுலேட்டருக்குள் நுழையும் கம்பியிலிருந்து படத்தை உருவி டிவியின் வீடியோ ஆம்ப்ளிஃபயரில் பற்றவைத்தார். திரையில் ஸின்க்ளேர் ரிசர்ச் என்ற பெயரும் 1982 என்ற வருஷமும் எழுந்து நின்றன. பாய் அதற்கு முன் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை.

அடுத்த தடங்கல் கேசட். அண்ணன் கொண்டுவந்த விளையாட்டு எதுவும் ஏறவில்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்தால் கடைசியில் ‘ஆர் டேப் லோடிங் எரர், 0:1’ என்று ஒரு வரி வரும். அன்று முழுவதும் அதே வரி. சாயங்காலம் நான் வேலை முடிந்து போனபோது அந்த இரைச்சலைக் கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கண்ணை மூடித் திருப்பினேன். இரைச்சல் கூர்மையானது. டிவித் திரையின் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கோடுகள் ஒழுங்காக நின்று ஓட ஆரம்பித்தன. கலர் டிவியாக இருந்திருந்தால் அவை முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளும். எங்களுக்கு எல்லாம் சாம்பல். ஐந்து நிமிஷம் கழித்து ‘மேனிக் மைனர்’ ஓடியது. அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

அன்றிலிருந்து பேட்டையில் யாருக்குக் கேசட் ஏறவில்லை என்றாலும் என்னைத் தேடி வருவார்கள். எனக்கு பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரியாது, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். சத்தம் தெரியும். பூஜ்யம் என்றால் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை, ஒன்று என்றால் அதில் பாதி. கம்ப்யூட்டருக்குப் புரிவது இந்த இரண்டே சுருதிகளின் வரிசைதான் என்று ஒரு கல்லூரி மாணவர் எனக்கு விளக்கியபோது, நான் ஏற்கனவே காதால் அறிந்திருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரும் ஒலியும் ஒட்டிப் பிறந்தவை. நெதர்லாந்தில் 1980 வாக்கிலேயே ‘ஹாபிஸ்கூப்’ என்ற வானொலி நிகழ்ச்சி புரோகிராம்களைக் காற்றில் ஒலிபரப்பியது. வீட்டில் டேப் ரிக்கார்டரில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். 1983இல் பெல்கிரேடு வானொலியில் ஸோரான் மோட்லி என்ற அறிவிப்பாளர் தன் ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் இதையே செய்தார். ஊசிபோல் குத்தும் அந்த இரைச்சலை ஒரு நாட்டின் வானொலி பொறுமையாக ஒலிபரப்ப, ஊரெல்லாம் கேசட்டை அழுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளில்தான் எனக்குப் பாட்காஸ்ட் எண்ணமே வந்தது. இந்தக் கதையை எழுதுவதைவிடக் கேட்கவைப்பதுதான் முறை.

எங்கள் சென்டரில் நாங்கள் நிறையக் கேசட் பிரதி எடுத்தோம். அது திருட்டுப் பிரதிதான், அதை மழுப்ப மாட்டேன். 1976இலேயே பில் கேட்ஸ் இதைக் கண்டித்து பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியிருக்கிறார். எழுதியவனுக்குச் சேரவேண்டிய காசு சேரவில்லை என்பது நியாயமான கோபம். ஆனால் அசலைக் காசு கொடுத்து வாங்க எங்கள் பக்கத்தில் ஒரு கடைகூட இல்லை. ‘ஜெட் செட் வில்லி’ என்ற 1984 விளையாட்டோடு 180 வண்ணக் குறியீடுகள் கொண்ட ஒரு அட்டை வரும். அது இருந்தால்தான் விளையாட்டு திறக்கும். ஜெராக்ஸில் நிறம் வராது என்று கம்பெனி போட்ட கணக்கு. இங்கே ஒரு பள்ளி மாணவன் கட்டம் போட்ட நோட்டில் ஸ்கெட்ச் பேனாவால் 180 கட்டத்தையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நகல் எடுத்தான். அந்த நோட்டு இன்றும் அவரிடம் இருக்கிறது. பதிவின்போது அவர் பக்கம் புரட்டும் சத்தத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

‘ஹேக்கர்’ என்றால் இன்று பேங்க் கணக்கில் புகுந்து பணம் அடிப்பவன் என்றுதான் செய்தித்தாள் சொல்கிறது. ஸ்டீவன் லெவி 1984இல் ‘ஹேக்கர்ஸ்’ என்று புத்தகம் எழுதியபோது அவர் சொன்னது, எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் மன்றத்து மாணவர்களை; கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் 1975இல் கூடிய ஹோம்ப்ரூ மன்றத்துக்காரர்களை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராதவர்களை. எங்கள் பேட்டையில் அதற்குச் சொல் உண்டு: நோண்டுவது. “அத நோண்டாதடா” என்று அம்மா திட்டாத பிள்ளை யாரும் என் பாட்காஸ்ட்டுக்கு வந்ததில்லை. மேனிக் மைனரில் உயிர் தீராமல் விளையாட நினைவகத்தின் 35136ஆம் முகவரியில் பூஜ்யத்தை எழுத வேண்டும், அதற்கு ‘போக்’ என்று பெயர். அந்த எண்ணை நாற்பது வருஷம் கழித்தும் மூன்று பேர் என்னிடம் தடுமாறாமல் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்குத் தன் போன் நம்பர் உடனே ஞாபகம் வரவில்லை.

அந்த வயதில் எங்களுக்குத் தமிழில் வழிகாட்டியவர் சுஜாதா. பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயராக இருந்துகொண்டு எழுதியவர். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ புத்தகத்தை ஒரே பிரதியில் எங்கள் தெருவே படித்தது. சிப் என்பதைச் சில்லு என்று அவர் சொன்ன பிறகுதான் பாய்க்கு அது நெருங்கிய பொருளாயிற்று.

1987இல் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் அண்ணனின் அடாப்டர் எரிந்தது. அவர் கப்பலில் இருந்தார். நான் ரிச்சி தெருவுக்குப் போய் 9 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். சாதாரண அடாப்டரில் நடுவில் பிளஸ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் மைனஸ். எனக்குத் தெரியவில்லை. திரை செத்துவிட்டது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பாய்தான் பலகையைத் திறந்து, ஒவ்வொரு சிப்பாக விரலை வைத்துப் பார்த்து, சுட்டதை எடுத்துப் போட்டார். ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு மெமரி சிப். “தப்பு பண்ணாத கையி கத்துக்காது, ஆனா அடுத்தவன் பொருள்ல மீட்டர் வைக்காம கைய வைக்காதே” என்றார். அண்ணனிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த ஸ்பெக்ட்ரமைப் பின்னாளில் எனக்கே கொடுத்துவிட்டார்.

90களில் கம்பெனிக் கேசட் மலிவாக வந்து ரெக்கார்டிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடின. நான் கல்யாண வீடியோ எடிட்டிங், மேடைக் கச்சேரிக்கு ஒலி அமைப்பு என்று போனேன். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தபோது பாய் கடை இருந்த பக்கத்தின் முகமே மாறியிருந்தது. அந்த வருஷம்தான் பதிவு செய்ய ஆரம்பித்தேன். முதலில் பாயைப் பதியவேண்டும் என்றுதான் நினைத்தேன். மைக் சரியில்லை, இன்னும் கொஞ்சம் கைபழகட்டும், ரம்ஜான் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். 2020இல் ஊரடங்கு. 2021இல் பாய் போய்விட்டார். நூறு மணி நேரத்துக்கு மேல் குரல்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். பாயின் குரல் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வேலைக்கு வர நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது: நாளைக்கு நல்ல மைக் வாங்கிக்கொள்ளுங்கள், இன்றைக்குப் போனிலாவது பதியுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று யாரையும் கேட்கக் கூடாது. எல்லாரும் “அது ஒரு பொற்காலம்” என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் ஸ்பெக்ட்ரமை அவர்கள் மடியில் வைத்துவிடுவேன். அதில் லோடு என்ற சொல்லை எழுத்துக்கூட்டி அடிக்க முடியாது. ‘ஜெ’ பொத்தானை அமுக்கினால் முழுச் சொல்லும் வரும், பிறகு சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ‘பி’யை இரண்டு முறை. முப்பத்தைந்து வருஷம் தொடாதவர் விரல்கூடத் தானாக அங்கே போகும். அந்த நொடியில் குரல் மாறிவிடும். அந்தக் குரலுக்காகத்தான் அதிகாலையில் எழுந்து வருகிறேன்.

ஞாபகம் பொய்யும் சொல்லும். ஒருவர் 1981லேயே ஸ்பெக்ட்ரமில் விளையாடியதாகச் சத்தியம் செய்தார். அது பிறந்ததே அடுத்த வருஷம். அவர் சொன்னதை வெட்டாமல் விட்டு, பின்னால் என் குரலில் தேதியைச் சொன்னேன். நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றில் படித்த அம்மா ஒருவர், 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவைப் பற்றிப் பேசினார். ஏ.சி. அறை, வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும், வாரத்துக்கு இருபது நிமிஷம், ஒரு பெட்டிக்கு மூன்று பேர். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர் ‘ஜோஷி’ வைரஸைச் சொன்னார். இந்தியாவில் 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜனவரி 5ஆம் தேதி மிஷின் அப்படியே நின்றுவிடும், ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் அடித்தால்தான் நகரும். ஆபீஸே கூடிநின்று முன்பின் தெரியாத ஜோஷிக்கு வாழ்த்துச் சொன்னது.

பழைய கேசட்டை மீட்பதுதான் இப்போது என் பாதி வேலை. கடல் காற்றில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். ஓட்டைக் கழற்றி, இரண்டு சுருளையும் புது ஓட்டுக்கு மாற்றி, பென்சிலால் கையாலேயே ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டு, பிறகுதான் ஹெட்டில் ஓடவிடுவேன். லேப்டாப்பில் பதிந்ததும் ஒவ்வொரு துண்டின் கடைசி பைட்டையும் பார்க்க வேண்டும். முன்னால் வந்த அத்தனை பைட்டையும் வைத்துப் போட்ட சரிபார்ப்பு எண் அது. பொருந்திவிட்டால் அநேகமாக ஒரு பிட்கூடக் கெடவில்லை என்று அர்த்தம். பாட்டு கேசட்டுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

போன வருஷம் ஒருவர் ஒரு மெல்ட்ராக் 60 கேசட் கொண்டுவந்தார். பீச் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. 1988இல் பிளஸ் டூ படித்தபோது அவர் எழுதிய ஒரே புரோகிராம் அதில் இருந்தது. அவர் அம்மா வீட்டில் ஏலச் சீட்டு பிடித்தவர். இருபது பேர், ஆளுக்கு ஐந்நூறு, மொத்தம் பத்தாயிரம். ஒருவர் இரண்டாயிரம் தள்ளி எடுத்தால், அதில் அம்மாவின் கமிஷன் ஐந்நூறு போக மீதி ஆயிரத்து ஐந்நூறு இருபது பேருக்கும் பங்கு, ஆளுக்கு எழுபத்தைந்து. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 425. இதைத்தான் அந்தப் புரோகிராம் போட்டது. அதுவும் தமிழில். ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். தமிழ் முழுசும் 21இல் அடங்காது. அவர் மொத்தத் தமிழையும் விட்டுவிட்டு, சீட்டு, தள்ளு, கழிவு, பாக்கி என்று அம்மாவுக்குத் தேவையான சொற்களுக்கு மட்டும் எழுத்து வரைந்துகொண்டார். அதே பத்தாண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செய்துகொண்டிருந்தார், கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ செய்தார். பேட்டையில் இந்தப் பையனுக்கு அவர்கள் யாரையும் தெரியாது.

லேப்டாப்பிலிருந்து ஒலியை என் ஸ்பெக்ட்ரமுக்குள் விட்டோம். சரிபார்ப்பு எண் பொருந்தியது. துணிப் பொதிகளுக்கு நடுவே சின்ன டிவியில் ‘சீட்டு’ என்ற சொல் பொடிக் கட்டங்களாக எழுந்தது. கீழே, ஆள் நம்பர் கேட்டுக்கொண்டு கர்சர் துடித்தது. அவர் பேசவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்குங்க” என்றேன்.

புரோகிராமைக் கேசட்டில் பதியும்போது கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் டேப் ரிக்கார்டரின் மைக் துளையில் செருகியிருக்கும். முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டாப் அழுத்த மறந்தால், ரிக்கார்டரின் சொந்த மைக் விழித்துக்கொள்ளும். அறையில் இருப்பதெல்லாம் பதியும். அவர் கேசட்டில் இரைச்சலுக்குப் பிறகு பதினோரு நொடி அப்படி இருந்தது. ஓடவிட்டேன். ஒரு ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றியது. தூரத்தில் கூட்ஸ் வண்டி. பிறகு பக்கத்திலேயே, வேலையாக இருக்கும் ஒரு பெண்ணின் குரல்:

“மூணாம் நம்பர் கட்டிட்டா, எழுதிக்கோ.”

டேப் நின்றது. அவர் ஸ்பெக்ட்ரமை மடியில் கொஞ்சம் நேராக்கிக்கொண்டார். 3ஐ அமுக்கினார். பிறகு 425. பிறகு என்டர்.